தபால்காரர், பி.டி. மாஸ்டர், கோல்கீப்பர்: அமெரிக்க காலேஜ் கால்பந்து கோச்சுகளின் கதை

இந்த எபிசோட்ல மெஸ்ஸி வரமாட்டார், ரொனால்டோவும் வரமாட்டார். அமெரிக்கால காலேஜ் பசங்களுக்கு கால்பந்து சொல்லிக்கொடுத்த சில கோச்சுகளைப் பத்திதான் பேசப்போறோம். பாதிப் பேருக்கு அது முழுநேர வேலையே கிடையாது. ஆனா ஒரு காலத்துல அமெரிக்க தேசிய அணியோட கோச் நாற்காலிக்குப் போற வழி, இவங்களோட காலேஜ் மைதானம் வழியாத்தான் போச்சு. அந்த வழி எப்படி உருவாச்சு, யாருக்குத் திறந்துச்சு, யாருக்குத் திறக்கலை, இப்போ ஏன் ஏறக்குறைய மூடிக்கிடக்கு? அதான் இன்னிக்குக் கதை.

ஒரு சின்ன விஷயம் முதல்லயே சொல்லிடறேன். அமெரிக்கால 'ஃபுட்பால்'னா ஹெல்மெட் போட்டு மோதிக்கிற ஆட்டம். நம்ம ஃபுட்பாலுக்கு அங்க பேரு 'சாக்கர்'. குழப்பம் வேண்டாம்னு நான் 'கால்பந்து'ன்னே சொல்றேன்.

லெட்டர் கொடுத்த சாம்பியன்

1950, ஜூன் 29. பிரேசில்ல பெலோ ஒரிசோன்டே நகரம். உலகக்கோப்பைல அமெரிக்கா இங்கிலாந்தை 1-0ன்னு ஜெயிச்ச நாள். இங்கிலாந்து டீம்ல இருந்தவங்க பெரிய பெரிய ப்ரொஃபஷனல்ஸ். அமெரிக்க டீம்ல இருந்தவங்க பகல்ல வேற வேலை பார்த்துட்டு சாயங்காலம் பந்து உதைக்கிறவங்க. இவ்ளோ பெரிய வெற்றியை அமெரிக்கப் பத்திரிகைகள் பெருசா கண்டுக்கவே இல்லை.

அந்த டீம்ல டிஃபென்ஸ்ல ஆடின 22 வயசுப் பையன் ஹாரி கியோ. சொந்த ஊர் செயின்ட் லூயிஸ். ஊருக்குத் திரும்பி போஸ்ட் ஆபீஸ் வேலையைப் பார்த்தார். பின்னாடி 1967-ல செயின்ட் லூயிஸ் யுனிவர்சிட்டி அவரை கோச்சா கூப்பிட்டப்போ, தபால் வேலையை விடலை. விட்டா வீட்டுச் செலவுக்கு என்ன பண்றது? கோச் வேலை பகுதிநேரம்தான். அப்படியே 1982 வரைக்கும் இருந்தார். அதுக்குள்ள 5 தேசியப் பட்டம்: 1967, 1969, 1970, 1972, 1973. இதுல 1967 மட்டும் மிச்சிகன் ஸ்டேட்டோட பகிர்ந்துக்கிட்டது. மோசமான வானிலையால ஃபைனலை பாதில நிறுத்திட்டாங்க.

கியோவுக்கு முன்னாடி அதே யுனிவர்சிட்டில டீமை ஆரம்பிச்சவர் பாப் கெல்கர். அவர் ஊர்ல இருந்த கத்தோலிக்க இளைஞர் அமைப்புல வேலை பார்த்தவர். செயின்ட் லூயிஸ்ல சர்ச்சுக்கு ஒரு டீம், தெருவுக்கு ஒரு டீம்னு கால்பந்து ஊறிப்போயிருந்தது. கெல்கருக்கு எந்தத் தெருல எந்தப் பையன் நல்லா ஆடுவான்னு தெரியும். அமெரிக்க காலேஜ் விளையாட்டை நிர்வாகம் பண்ற அமைப்பு என்.சி.ஏ.ஏ. அவங்க கால்பந்துக்குத் தேசியப் போட்டி ஆரம்பிச்சதே 1959-லதான். முதல் வருஷமே உள்ளூர் பசங்களை வச்சு கெல்கர் கோப்பையைத் தூக்கிட்டார். 1965 வரைக்கும் அவருக்கும் 5 பட்டம்.

கெல்கர் 5, கியோ 5, மொத்தம் 10. டிவிஷன் 1 ஆண்கள் கால்பந்துல இன்னிக்கும் வேற எந்த யுனிவர்சிட்டியும் அந்த எண்ணைத் தொடலை. 1973-க்கு அப்புறம் செயின்ட் லூயிஸும் ஒண்ணு கூட ஜெயிக்கலைங்கறது வேற விஷயம்.

1950 டீம்ல இருந்து இன்னொருத்தர், வால்டர் பார். இங்கிலாந்துக்கு எதிரா விழுந்த அந்த ஒரே கோல், இவர் அடிச்ச பந்துல ஜோ கேட்ஜன்ஸ் தலை வச்சதால வந்தது. பார் பிலடெல்பியால ஸ்கூல் வாத்தியார். 1974-ல இருந்து 1988 வரைக்கும் பென் ஸ்டேட் யுனிவர்சிட்டி கோச். அவரோட ரெண்டு பசங்க, கிறிஸ், மேட், ரெண்டு பேருமே அப்பா மாதிரி நல்ல கால்பந்து ஆட்டக்காரங்க. ஆனா ரெண்டு பேரும் பேர் வாங்கினது அமெரிக்கன் ஃபுட்பால்ல, பந்தை உதைக்கிற 'கிக்கர்' வேலைல. ரெண்டு பேர்கிட்டயும் சூப்பர் பௌல் மோதிரம் இருக்கு. உலகக்கோப்பை ஹீரோவோட பிள்ளைகளுக்கே காசு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரிஞ்சிருந்தது. கால்பந்து கோச்சுகள் வேலை பார்த்த நாடு அப்படிப்பட்டது.

ட்ரினிடாட்ல இருந்து வந்தவர்

1971 டிசம்பர். மயாமில ஆரஞ்சு பௌல் மைதானம். என்.சி.ஏ.ஏ. ஃபைனல். ஒரு பக்கம் ஹாரி கியோவோட செயின்ட் லூயிஸ். அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் அவங்கதான் சாம்பியன். இன்னொரு பக்கம் வாஷிங்டன் நகரத்துல இருக்கிற ஹோவர்ட் யுனிவர்சிட்டி.

ஹோவர்ட் கறுப்பின மாணவர்களுக்காகன்னே உருவான பழைய, பெருமை வாய்ந்த யுனிவர்சிட்டி. அதோட கோச் லிங்கன் பிலிப்ஸ். ட்ரினிடாட் தேசிய அணியோட கோல்கீப்பரா இருந்தவர். அமெரிக்காவுக்கு வந்து ப்ரொஃபஷனல் கிளப்புகள்ல ஆடினார், வாஷிங்டன் டார்ட்ஸ் கிளப்புக்கு ஆடிக்கிட்டே கோச்சாவும் இருந்தார். ஹோவர்டுக்கு வந்தப்போ அவருக்கு வயசு 30 கூட ஆகலை. அவரோட டீம்ல ட்ரினிடாட், ஜமைக்கா, நைஜீரியான்னு கரீபியன்லயும் ஆப்பிரிக்காலயும் இருந்து படிக்க வந்த பசங்க நிறைய. சின்ன வயசுல இருந்தே பந்தோட வளர்ந்தவங்க.

ஃபைனல் ஹோவர்ட் 3, செயின்ட் லூயிஸ் 2. கறுப்பின மாணவர்களுக்கான ஒரு யுனிவர்சிட்டி, எந்த விளையாட்டுலயும் என்.சி.ஏ.ஏ. டிவிஷன் 1 பட்டம் ஜெயிச்சது அதுதான் முதல் தடவை.

அந்தப் பட்டம் அவங்க கைல நிக்கலை. சில ஆட்டக்காரங்களுக்கு ஆடத் தகுதி இல்லைன்னு என்.சி.ஏ.ஏ. விசாரணை நடத்தி பட்டத்தைப் பிடுங்கிக்கிச்சு. 1973 போட்டில கலந்துக்கவும் தடை.

குற்றச்சாட்டு என்னன்னு பார்த்தா, ரெண்டு மூணு விதிகள் சேர்ந்தது. அதுல ஒண்ணு வெளிநாட்டு மாணவர் விதி. வெளிநாட்டுப் பையன் ஒருத்தன் 19 வயசுக்கு அப்புறம் தன் சொந்த நாட்டுல ஏதாவது ஒரு டீம்ல ஆடியிருந்தா, அப்படி ஆடின ஒவ்வொரு வருஷத்துக்கும் அவன் காலேஜ்ல ஆடக்கூடிய காலத்துல ஒரு வருஷம் போயிடும். அமெரிக்கப் பையனுக்கு இந்த விதி கிடையாது. அவன் 19 வயசுக்கு அப்புறம் ஊர் கிளப்புல ஆடிட்டு காலேஜ்ல சேர்ந்தா யாரும் கணக்கு பார்க்க மாட்டாங்க. ட்ரினிடாட்ல ஆடினது, கூலி வாங்காம ஏதோ ஒரு ஊர் கிளப்புக்குன்னாலும் கணக்குல சேர்ந்துடும்.

ஹோவர்ட் கோர்ட்டுக்குப் போச்சு. 1975-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு: வெளிநாட்டு மாணவர் விதி எல்லாரையும் சமமா நடத்தணுங்கற அரசியல் சட்டத்துக்கு விரோதம், செல்லாது. மத்த விதிகள் செல்லும்னும் அதே தீர்ப்பு சொல்லிச்சு. அதனால பாதி வெற்றி, பாதி தோல்வி. 1971 பட்டம் திரும்பி வரலை. அந்த வருஷத்துக்கு சாம்பியன் இடம் இன்னிக்கும் காலியாத்தான் இருக்கு.

தீர்ப்பு வர்றதுக்குள்ள பிலிப்ஸ் தன்னோட பதிலை மைதானத்துலயே சொல்லிட்டார். 1974 சீசன்ல ஹோவர்ட் 19 மேட்ச் ஆடுச்சு, 19-ம் ஜெயிச்சுது. ஃபைனல் எங்க? செயின்ட் லூயிஸ் நகரத்துல. எதிர்ல யாரு? அதே கியோவோட டீம், அவங்க சொந்த ஊர் ரசிகர்கள் முன்னாடி. ஆட்டம் 1-1. ஓவர்டைம். இன்னொரு ஓவர்டைம். நாலாவது ஓவர்டைம்ல கென்னத் இலோடிக்வே கோல் போட்டார். ஹோவர்ட் 2-1. இந்தத் தடவை யாராலயும் பிடுங்க முடியலை.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த நாள் மைதானத்துல எதிரெதிர்ல இருந்த ரெண்டு கோச்சுகளையும் பாருங்க. ரெண்டு பேருமே தங்கள் நாட்டுக்காக ஆடினவங்க. ஒருத்தர் பகல்ல தபால் வேலை பார்க்கிறவர். இன்னொருத்தர் பட்டம் ஜெயிச்சதுக்கு மூணு வருஷமா விளக்கம் கொடுத்துக்கிட்டிருந்தவர். அடுத்து மேல போக ரெண்டு பேருக்கும் எங்கயும் வழி இல்லை. அப்போ என்.ஏ.எஸ்.எல்.னு ஒரு ப்ரொஃபஷனல் லீக் இருந்தது உண்மைதான். அடுத்த வருஷம் பீலேயே அதுல வந்து ஆடினார். ஆனா அந்த லீக்ல கோச்சுகளும் பெரும்பாலும் ஐரோப்பால இருந்து இறக்குமதி. 1984 சீசனோட அந்தக் கடையையும் மூடிட்டாங்க. பிலிப்ஸ் பின்னாடி தன் சொந்த நாட்டுக் கால்பந்து சங்கத்துல டெக்னிக்கல் டைரக்டரா வேலை பார்த்தார்.

பத்து வருஷம் காத்திருந்த பி.டி. மாஸ்டர்

இண்டியானா யுனிவர்சிட்டிக்கு 1963-ல ஒரு பி.டி. மாஸ்டர் வேலைக்கு வந்தார். ஜெர்ரி யேக்லி. காலேஜ்ல படிச்சப்போ 1961-ல வெஸ்ட் செஸ்டர் டீமோட என்.சி.ஏ.ஏ. பட்டம் ஜெயிச்சவர். இண்டியானாவோ பாஸ்கெட்பால் பைத்தியம் பிடிச்ச மாநிலம். யுனிவர்சிட்டில கால்பந்துக்கு இருந்தது ஒரு 'கிளப்' டீம். கிளப்னா, பசங்களா சேர்ந்து ஆடிக்கிறது. யுனிவர்சிட்டியோட அதிகாரப்பூர்வ அணி கிடையாது, ஸ்காலர்ஷிப் கிடையாது, போட்டிக்குப் போகப் பணம் கிடையாது.

இதை அதிகாரப்பூர்வ அணியா மாத்துங்கன்னு யேக்லி கேட்டார். ஒரு வருஷம் இல்லை, ரெண்டு வருஷம் இல்லை. சம்மதம் கிடைச்சது 1973-ல. பத்து வருஷம்! இப்போ ஒரு வேலைல ரெண்டு வருஷத்துல ப்ரொமோஷன் வரலைன்னா நாம லிங்க்ட்இன் திறந்துடறோம். இவர் அதே ஊர்ல, அதே டீமோட உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் நடந்தது சரித்திரம். 1982 ஃபைனல்ல டியூக் யுனிவர்சிட்டியை எட்டு ஓவர்டைம் ஆடி 2-1ன்னு ஜெயிச்சது முதல் பட்டம். அடுத்து 1983, 1988, 1998, 1999. 2003 சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே, இதுதான் கடைசின்னு சொல்லிட்டார். அந்தக் கடைசி மேட்ச் ஃபைனல். செயின்ட் ஜான்ஸ் யுனிவர்சிட்டியை 2-1ன்னு ஜெயிச்சு ஆறாவது பட்டத்தோட வெளிய போனார். மொத்தம் 544 வெற்றி. மகன் டாட் யேக்லி 2010-ல அதே வேலைக்கு வந்தார், 2012-ல அவரும் பட்டம் ஜெயிச்சார்.

யேக்லி தலைமுறைக்கு காலேஜ் வேலைதான் உச்சி. அதுக்கு மேல ஏற எதுவும் இல்லாததால அங்கயே வேர் விட்டாங்க. அதோட பலன் ஒண்ணு: அவங்ககிட்ட ஆடினவங்களே அடுத்த தலைமுறை கோச்சா வந்தாங்க.

ஏணி வந்த காலம்

1989 டிசம்பர். நியூ ஜெர்சில ரட்கர்ஸ் மைதானம், உடம்பே விறைக்கிற குளிர். காலேஜ் ஃபைனல்ல விர்ஜினியாவும் சான்டா கிளாராவும் மோதினாங்க. நாலு ஓவர்டைம் ஆடியும் 1-1. சரி, போதும், ரெண்டு பேருமே சாம்பியன்னு சொல்லிட்டாங்க.

அந்த ரெண்டு டீமோட கோச்சுகள் யாருன்னு பாருங்க. சான்டா கிளாராவுக்கு ஸ்டீவ் சாம்ப்சன். விர்ஜினியாவுக்கு புரூஸ் அரீனா. 1998 உலகக்கோப்பைல அமெரிக்காவோட கோச் சாம்ப்சன். 2002 உலகக்கோப்பைல அமெரிக்காவோட கோச் அரீனா. அந்தக் குளிர்ல டிரா பண்ணின ரெண்டு காலேஜ் கோச்சுகள் அடுத்தடுத்து நாட்டோட நாற்காலில உட்கார்ந்தாங்க.

இது ஏதோ தற்செயல்னு தோணலாம். இந்தக் கணக்கைப் பாருங்க. 1990 உலகக்கோப்பை, 40 வருஷத்துக்கு அப்புறம் அமெரிக்கா தகுதி பெற்றது. கோச் பாப் கான்ஸ்லர், விஸ்கான்சின்-மில்வாக்கி யுனிவர்சிட்டில கோச்சா இருந்தவர். 1994-ல மட்டும் வெளிநாட்டவர், போரா மிலுடினோவிச். 1998 சாம்ப்சன். 2002, 2006 அரீனா. 2010 பாப் பிராட்லி, பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டில 12 வருஷம் கோச்சா இருந்தவர். 6 உலகக்கோப்பைல 5-க்கு அமெரிக்காவை வழிநடத்தினவங்க முன்னாள் காலேஜ் கோச்சுகள்.

அரீனாவோட ஆரம்பம் ரொம்பச் சாதாரணம். 1978-ல விர்ஜினியா அவரை எடுத்தப்போ கால்பந்துக்குத் தலைமை கோச், லாக்ராஸ் விளையாட்டுக்கு உதவி கோச்னு ரெண்டு வேலை. 17 வருஷத்துக்கு மேல அங்க இருந்தார். சான்டா கிளாராவோட பகிர்ந்ததைச் சேர்த்து 5 பட்டம், அதுல 1991-ல இருந்து 1994 வரைக்கும் தொடர்ந்து நாலு. ஜான் ஹார்க்ஸ், டோனி மியோலா, கிளாடியோ ரெய்னான்னு தேசிய அணியோட பெரிய பேர்கள் அவர்கிட்ட காலேஜ்ல ஆடினவங்க.

1996-ல எம்.எல்.எஸ். லீக் பிறந்துச்சு. புது லீக்குக்கு அமெரிக்க ஆட்டக்காரங்களைத் தெரிஞ்ச கோச் வேணும். அவங்களைத் தெரிஞ்சவங்க காலேஜ்லதான் இருந்தாங்க. டி.சி. யுனைடெட் அரீனாவைக் கூப்பிட்டுச்சு. அவர் ஏற்கெனவே விர்ஜினியால தன்கிட்ட உதவியாளரா இருந்த பிராட்லியைக் கூட்டிக்கிட்டார். முதல் நாலு மேட்சும் தோல்வி! ஆனா சீசன் முடிவுல சாம்பியன். அடுத்த வருஷமும் சாம்பியன். 1998-ல பிராட்லி தனியா சிகாகோ ஃபயருக்குப் போய், அந்த கிளப்போட முதல் சீசன்லயே கோப்பையைத் தூக்கினார். யு.சி.எல்.ஏ.வுக்கு மூணு பட்டம் வாங்கிக்கொடுத்த சிகி ஷ்மிட் 1999-ல லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸிக்கு வந்தார். அவரும் படிப்பால ஒரு அக்கவுன்டன்ட்.

2002-ல அரீனாவோட அமெரிக்கா போர்ச்சுகலை 3-2ன்னு அடிச்சு கால் இறுதி வரைக்கும் போச்சு. பிராட்லி 2016-ல ஸ்வான்சீக்கு வந்து, பிரீமியர் லீக் கிளப்புக்கு கோச்சான முதல் அமெரிக்கர் ஆனார். 85 நாள்ல வெளிய அனுப்பிட்டாங்க. இருந்தாலும், 22 வயசுல ஒஹையோ யுனிவர்சிட்டில கோச் வேலையை ஆரம்பிச்சவர் போய்ச் சேர்ந்த தூரத்தைப் பாருங்க.

இவங்க திறமைல சந்தேகமே இல்லை. ஆனா ஏணி வந்து நின்னப்போ ஏணிப் பக்கத்துல இருந்ததும் ஒரு காரணம். ஹோவர்ட் கோப்பை ஜெயிச்ச 1974-க்கும் எம்.எல்.எஸ். பிறந்த 1996-க்கும் நடுவுல 22 வருஷம். கியோ, பிலிப்ஸ் தலைமுறை அந்த இடைவெளில வயசாயிட்டாங்க.

ஏணியை எடுத்தது யாரு?

2017 அக்டோபர்ல அரீனா திரும்பவும் தேசிய அணிக்கு கோச். ட்ரினிடாட்ல கூவாங்கற ஊர்ல ஒரு மேட்ச், டிரா போதும். அமெரிக்கா 2-1ன்னு தோத்து 2018 உலகக்கோப்பையைத் தவறவிட்டுச்சு. அரீனா ராஜினாமா பண்ணார். அவருக்கு அப்புறம் காலேஜ் கோச்சா பேர் வாங்கின யாரும் உலகக்கோப்பைக்கு அமெரிக்காவைக் கூட்டிட்டுப் போகலை.

காரணம் எளிமையானது. எம்.எல்.எஸ். கிளப்புகள் சொந்தமா அகாடமி ஆரம்பிச்சாங்க. நல்லா ஆடற பையனை 13, 14 வயசுலயே எடுத்துக்கிறாங்க. 18 வயசுல அவன் நேரா ப்ரொஃபஷனல். கிறிஸ்டியன் புலிசிச் மாதிரி ஆட்டக்காரங்க காலேஜ் பக்கமே வரலை. ஆட்டக்காரங்களைத் தெரிஞ்சவங்கதான் கோச் ஆவாங்கன்னா, இப்போ அவங்களைத் தெரிஞ்சவங்க அகாடமில இருக்காங்க.

காலேஜ் கால்பந்தோட அமைப்பும் ஒத்துழைக்கலை. சீசனே ஆகஸ்ட் கடைசில இருந்து டிசம்பர் வரைக்கும்தான். வாரத்துக்கு ரெண்டு மேட்ச். வெளிய போன ஆட்டக்காரன் திரும்ப உள்ள வரலாம்னு ஒரு தனி விதி. அகாடமிப் பையன் வருஷத்துல பத்து மாசம் ஆடறான். மேரிலாண்ட் யுனிவர்சிட்டில 1993-ல இருந்து கோச்சா இருந்து மூணு பட்டம் ஜெயிச்ச சாஷோ சிரோவ்ஸ்கி, சீசனை ரெண்டு செமஸ்டருக்கும் பிரிங்கன்னு பல வருஷமா போராடினார்.

பணமும் ஒரு பிரச்சனை. பல வருஷமா ஒரு டிவிஷன் 1 ஆண்கள் டீமுக்கு உச்சவரம்பு 9.9 ஸ்காலர்ஷிப். 25, 30 பசங்களுக்கு அதைத் துண்டு துண்டா பிரிச்சுக் கொடுக்கணும். அந்த விதி 2025-லதான் மாறுச்சு. 1972-ல வந்த 'டைட்டில் நைன்' சட்டம் படிப்புலயும் விளையாட்டுலயும் பெண்களுக்குச் சம வாய்ப்பு கொடுக்கச் சொல்லுச்சு. பெண்கள் கால்பந்துல அமெரிக்கா உலக வல்லரசு ஆனதுல இந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா யுனிவர்சிட்டிகள் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு மட்டும் 85 ஸ்காலர்ஷிப்பை ஒதுக்கிட்டு, மிச்சத்துல சமன் பண்ணப் பார்த்தாங்க. அடி விழுந்தது ஆண்களோட சின்ன விளையாட்டுகள் மேல. எஸ்.இ.சி.ங்கற பணக்கார லீக்ல 16 யுனிவர்சிட்டி. அதுல ஆண்கள் கால்பந்து டீம் வச்சிருக்கிறது கென்டக்கி, சவுத் கரோலினா ரெண்டுதான்.

இதுக்கு நடுவுலயும் ஒருத்தர் தாவினார். யேக்லிகிட்ட இண்டியானால ஆடின கேலெப் போர்ட்டர். ஆக்ரன் யுனிவர்சிட்டிக்கு 2010-ல பட்டம், அப்புறம் போர்ட்லண்டுக்கு 2015-ல எம்.எல்.எஸ். கோப்பை, கொலம்பஸுக்கு 2020-ல இன்னொண்ணு. ஆனா அரீனா காலத்துல அது ராஜபாட்டை, இப்போ ஒத்தையடிப் பாதை.

சரி, இதுல நமக்கு என்ன?

கரியர்னா மேல மேல போறதுன்னுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. இந்தக் கோச்சுகளோட வாழ்க்கையைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா வேற ஒண்ணு தெரியுது. மேல போறதுக்குத் திறமை வேணும், சரி. ஆனா ஏணி எந்த வருஷம் வருது, எந்த வாசல்ல நிக்குது, வாசல்ல யாரோட சர்டிஃபிகேட்டை ரெண்டு தடவை பார்க்கறாங்க, இதெல்லாம் நம்ம கைல இல்லை. பட்டம் ஜெயிச்ச பிலிப்ஸோட பசங்க வயசைத்தான் துருவிப் பார்த்தாங்க. கியோவோட பசங்களை யாரும் கேட்கலை.

அவங்க கைல இருந்தது ஒண்ணுதான்: அன்னிக்குச் சாயங்காலம் மைதானத்துக்கு வந்த பசங்க. கியோ தபால் வேலையை முடிச்சிட்டு அங்க போனார். யேக்லி அங்கீகாரமே இல்லாத டீமுக்காக பத்து வருஷம் போனார். பிலிப்ஸ் கோப்பையைப் பிடுங்கினதுக்கு அப்புறமும் போனார். அமெரிக்க ஆண்கள் கால்பந்து இன்னிக்கு நிக்கிற அஸ்திவாரத்துல இந்த மூணு பேரோட வியர்வையும் இருக்கு.

அடுத்த தடவை யாராவது அமெரிக்காவுக்குக் கால்பந்து நேத்துதான் வந்துச்சுன்னு சொன்னா, அந்த 1974 ஃபைனலைப் பத்திச் சொல்லுங்க. நாலு ஓவர்டைம், 2-1, ஹோவர்ட். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.